‘மற்றவர்களும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள்’: யார் சார் அந்த மற்றவர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சினிமா விமர்சனத்தை வாராவாரம் விடாமல் படிக்கிறவன் நான். படத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை, பார்த்துவிட்டு வந்து உங்கள் விமர்சகரோடு மனதுக்குள் சண்டை போட இன்னொரு தடவை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

விமர்சனத்தில் கடைசிக்கு முந்தைய பத்தியில், ஒளிப்பதிவாளருக்கும் எடிட்டருக்கும் சற்று மேலே ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது. ‘மற்ற நடிகர்களும் தங்கள் பங்கைக் குறையின்றிச் செய்திருக்கிறார்கள்.’ படம் மாறுகிறது, ஹீரோ மாறுகிறார், விமர்சகர்கூட மாறிவிட்டார், இந்த வாக்கியம் மட்டும் மாறவில்லை. யார் சார் அந்த மற்றவர்கள்? என்ன பங்கு? எனக்கென்னவோ நம் வணிகப் படங்களின் இன்றைய கோளாறு முழுவதும் அந்த ஒரு வரியில் இருப்பதாகவே படுகிறது. கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் போலிருக்கிறது. ஹீரோ, ஹீரோயின், வில்லன், அப்புறம் ‘மற்றவர்கள்’.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. சமீபத்தில் ஒரு பெரிய ஹீரோ படத்துக்குப் போயிருந்தோம். படம் ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும், ஹீரோவின் நண்பன் தன் மனைவி கர்ப்பமாக இருப்பதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். இவள் என் காதருகே வந்து, “அப்பா, இந்த மாமா காலி” என்றாள். இடைவேளைக்கு முன்னால் மாமா காலி. பின்வரிசையில் இருந்த பையன்களும் இதையே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஒரு மனிதன் சாகிறான், அதைப் பார்த்து ஒருவர்கூடப் பதறவில்லை, சரியாகச் சொன்னோம் என்று சந்தோஷப்படுகிறார்கள். ஹீரோ மட்டும் மழையில் முட்டிபோட்டு உட்கார்ந்து கத்துகிறார். அவருக்கு எதற்கு இவ்வளவு கோபம் என்றே எங்களுக்குப் புரியவில்லை, ஏனென்றால் செத்தவன் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் என்ன வேலை பார்த்தான், ஹீரோவுக்கு எப்படிப் பழக்கம், அவனுக்கு எதில் பிடிவாதம், ஒன்றுமே படத்தில் இல்லை. சாவதற்காகவே வேலைக்கு எடுத்த ஆள் அவன்.

இதோடு ‘தேவர் மகன்’ (1992) படத்தில் வரும் இசக்கியை வைத்துப் பாருங்கள். வடிவேலு அப்போது சின்னச் சின்ன வேடங்களில் மேலே வந்துகொண்டிருந்த நேரம். லண்டனில் படித்துவிட்டு ஊருக்கு வந்த சக்தி, பூட்டிக்கிடக்கும் கோயிலைப் பார்க்க ஆசைப்படுகிறான், இசக்கி பூட்டைத் திறந்துவிடுகிறான். சக்திக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? இசக்கியின் கையை வெட்டிவிடுகிறார்கள். சக்தி பிறகு எடுக்கிற அத்தனை முடிவுகளுக்கும் அந்தக் கைதான் ஆரம்பம், ஊரே பற்றி எரிவதற்கும் அதுதான் ஆரம்பம். இசக்கியை ஹீரோவுக்கு எடுபிடியாக, கூட நடந்து சிரிக்க வைக்கிறவனாக மட்டும் எழுதியிருந்தால், பெரிய வீட்டுப் பிள்ளையின் சின்ன ஆசைக்குச் சின்ன ஆள் கொடுத்த விலை என்ற அந்த விஷயமே நமக்கு உறைத்திருக்காது. அதே படத்தில் ரேவதி எவ்வளவு தாமதமாக வருகிறார்! மாப்பிள்ளை ஓடிப்போய், ஊரைச் சமாளிக்க சக்தியே தாலி கட்டிவிடுகிற பெண் அவள். பஞ்சவர்ணம் என்கிற அந்தப் பெண்ணுக்கு யாரும் விருப்பம் கேட்கவில்லை, அவளுக்கும் அது தெரியும், ரேவதி நடக்கிற நடையிலேயே அது தெரியும். அதற்கு அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சிவாஜியும் கமலும் இருக்கிற படத்தில் இந்த இரண்டு பேரும் காணாமல் போகவில்லையே, அது தற்செயல் இல்லை, எழுத்து.

விருது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தேசிய விருதுகளில் துணை நடிகர், துணை நடிகை என்ற பிரிவே 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. டி.எஸ்.பாலையா 1972-லேயே போய்விட்டார். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷ் காட்சி என்பார்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்னொரு தடவை பாருங்கள். கதவு திறக்கிற சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் நாகேஷ் வாயில்தான் வருகிறது, ஆனால் பயம் முழுக்கப் பாலையா முகத்தில் இருக்கிறது. மனிதர் அநேகமாகப் பேசவே மாட்டார். கேட்பார். முதலில் ‘இவன் தொல்லை தாங்கலையே’ என்று ஒரு முகம், அப்புறம் தன்னையறியாமல் ஒரு ஆர்வம், அப்புறம் நாற்காலியில் ஒடுங்கிக்கொள்கிற ஒரு உடம்பு. ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்பதை மட்டுமே வைத்து அவ்வளவு நேரம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் காட்சியை எடுத்துவிட்டாலும் படத்தின் காதல் கதைக்கு ஒன்றும் ஆகாது, அது வேறு விஷயம். ஆனாலும் அது ஒட்டாமல் தொங்கவில்லை, காரணம் பாலையாவின் மகனாக வரும் நாகேஷுக்கு ஒரு வெறி இருக்கிறது, சினிமா எடுக்க வேண்டும், அதற்கு அப்பா பணம் தர வேண்டும். அப்பாவுக்கோ பணத்தை விட மனசில்லை. ஹீரோ அந்தப் பக்கம் காதலித்துக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டு பேருக்கும் தனியாக ஒரு ஜோலி இருக்கிறது.

அந்த ஜோலிதான் சார் விஷயம். ஹீரோ திரையில் இல்லாத நேரத்தில் இந்த ஆள் என்ன செய்துகொண்டிருப்பான்? நான் எந்தப் படம் பார்த்தாலும் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். பதில் வந்துவிட்டால் அவன் கதாபாத்திரம். வராவிட்டால் ஹீரோவின் பஞ்ச் டயலாக்கைக் கேட்டுத் தலையாட்டுவதற்கு நிறுத்தி வைத்த கம்பம்.

‘திருவிளையாடல்’ (1965) தருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வேண்டியது ஆயிரம் பொற்காசு, அவ்வளவுதான். அவன் ஆசைப்பட்டுப் புலம்பியதால்தான் சிவனே புலவன் வேஷத்தில் இறங்கி வர வேண்டியிருக்கிறது, நக்கீரரோடு மோத வேண்டியிருக்கிறது. பாட்டில் குற்றம் என்று சபையில் சொன்னதும் தமிழ் மானம், புலமை என்றெல்லாம் தருமி கொதிக்கவில்லை, பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தையாவது கொடுங்கள் என்று பேரம் பேசுகிறான். வறுமையில் இருக்கிற ஒருவன் வேறு எப்படிப் பேசுவான்? எழுதி இயக்கிய ஏ.பி.நாகராஜன் நக்கீரர் வேடத்தைத் தானே எடுத்துக்கொண்டார், ஆனால் எதிரே நிற்கிற ஏழைப் புலவனின் பங்கைக் குறைக்கவில்லை. படத்தில் சிவாஜிக்கு எத்தனை வேஷம், எத்தனை பாட்டு! இன்றைக்கும் அந்தப் படம் என்றதும் முதலில் வாயில் வருகிற பெயர் தருமி. அதனால் சிவாஜி குறைந்துபோய்விட்டாரா? ‘தில்லானா மோகனாம்பா’ளும் (1968) அப்படித்தான், ஜில் ஜில் ரமாமணி, சவடால் வைத்தி என்று வேடத்தின் பெயரே தனியாக எழுந்து நடக்கிறது. இன்று வருகிற படங்களில் ஹீரோவின் நண்பனுக்கு என்ன பெயர் என்று வெளியே வந்ததும் கேட்டுப் பாருங்கள், ‘அதாம்பா, அந்தத் தாடி வச்சவர்’ என்பார்கள்.

பழைய படங்களையே சொல்லிக்கொண்டிருக்கிறான், வயசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ‘கைதி’ (2019) வந்தபோது நான் இரண்டு தடவை பார்த்தேன், இரண்டாவது தடவை போனது அதில் நெப்போலியன் என்ற வேடத்தில் நடித்த ஜார்ஜ் மரியானுக்காக. அவர் அதுவரை பெரும்பாலும் சிரிப்புக்காக வந்துபோனவர். இதில் மாற்றலாகி வந்து பொறுப்பேற்கிற ஒரு சாதாரண போலீஸ்காரர். அன்றைக்குப் பார்த்துக் கமிஷனர் அலுவலகத்தை ஒரு கூட்டமே தாக்க வருகிறது. மற்ற போலீஸ்காரர்கள் நழுவிவிடுகிறார்கள். உள்ளே மிச்சம் இருப்பது இவரும் அங்கே மாட்டிக்கொண்ட சில கல்லூரி மாணவர்களும். அவரும் போயிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? போகவில்லை. வீர வசனமும் பேசவில்லை. கதவுக்கு முட்டுக்கொடுக்க மேஜையை இழுக்கிறார், பசங்களையும் வேலை வாங்குகிறார், நடுங்குகிறார், ஆனாலும் செய்கிறார். அந்தப் பக்கம் கார்த்தி லாரியில் வந்துகொண்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது கிட்டத்தட்டக் கடைசியில்தான்! அதாவது ஹீரோவின் நிழல்கூடப் படாமல் ஒரு ஐம்பது வயது மனிதர் பாதிப் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார். அந்தக் கதவு எந்த நேரம் உடையுமோ என்று நமக்குப் பதறுவதால்தான் லாரி சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்று தவிக்கிறோம். நெப்போலியன் இல்லாவிட்டால் லாரி மெதுவாகவே வரட்டும், எங்களுக்கென்ன அவசரம்?

ஹீரோவை உயர்த்த வேண்டுமென்றால் சுற்றியிருப்பவர்களைக் குட்டையாக்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. ‘ஆடுகளம்’ (2011) படத்தில் பேட்டைக்காரராக ஈழக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலன் நடித்தார், குரல் ராதாரவியுடையது. சண்டையில் தோற்கும், அறுத்துவிடு என்று குருவான அவர் சொன்ன சேவலை வைத்தே சிஷ்யன் கருப்பு (தனுஷ்) ஜெயித்துவிடுகிறான். அங்கிருந்து குருவின் மனசு திரிகிறது பாருங்கள், கதையே அந்தத் திரிபுதான். தனுஷுக்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகர் தேசிய விருது கிடைத்தது, ஜெயபாலனுக்கும் நடுவர் குழு சிறப்புக் குறிப்பு கொடுத்தது. பேட்டைக்காரர் சும்மா ஒரு கெட்டவராக இருந்திருந்தால் கருப்பு சும்மா ஒரு நல்லவனாகத்தான் இருந்திருப்பான்.

தயாரிப்பாளர்கள் தரப்பில் என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். மக்கள் ஹீரோவுக்காகத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள், இரண்டரை மணி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு கிளைக்கதை வைத்தால் எடிட்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். சரி, நியாயம். ஆனால் நான் நேரத்தைக் கேட்கவே இல்லையே. ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படத்தின் குத்துச்சண்டைக்காரர் டான்சிங் ரோஸ் மொத்தம் எத்தனை நிமிடம் வருகிறார்? கால் தரையில் நிற்காமல் ஆடுகிறாரே, அந்த ஆட்டம் ஒன்று போதாதா, ஷபீர் என்ற நடிகரை ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ‘விக்ரம்’ (2022) ஏஜென்ட் டீனா இன்னொன்று. வீட்டு வேலைக்கார அம்மாவாக, நம் கண்ணில் பட்டும் படாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார், நாமும் வேலைக்காரர்களை எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான், அதாவது பார்க்காமல், அவரைக் கடந்துபோகிறோம். பிறகு திடீரென்று அந்த அம்மா திரும்பி நின்று அடிக்க ஆரம்பித்ததும் தியேட்டர் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். நடித்த வசந்தி பாட்டுக் காட்சிகளில் கூட்டத்தோடு கூட்டமாக நெடுங்காலம் ஆடியவர். கமல், விஜய் சேதுபதி, ஃபகத் பாசில் இருக்கிற படத்தில் அவருக்கு அந்தக் கைதட்டல்! சில நிமிடம்தான். நிமிடத்தைக் கூட்ட வேண்டாம், அந்த நிமிடத்தில் அந்த ஆளை மட்டும் நினைத்து எழுதினால் போதும்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், எழுத வேண்டிய இடத்தில் ஆள் பிடிக்கிறார்கள். நான்கு மொழியில் படம் ஓட வேண்டும், ஆகவே ஒவ்வொரு மொழியிலிருந்தும் தெரிந்த முகமாக ஒருவர். காரிலிருந்து முதலில் ஷூ இறங்கும், அப்புறம் கண்ணாடி, அப்புறம் பின்னணி இசை, அப்புறம் ஒரு பார்வை, முடிந்தது கால்ஷீட். நான் ஒன்றும் யோக்கியன் இல்லை, ‘ஜெயிலர்’ (2023) படத்தில் சிவராஜ்குமாரும் மோகன்லாலும் வந்தபோது நானும் விசிலடித்தேன், என் மகளே திரும்பிப் பார்த்தாள். அது ஒரு விருந்தாளி வந்த சந்தோஷம், தப்பில்லை. ஆனால் வீட்டில் யாருமே இல்லாமல் விருந்தாளி மட்டும் வந்துகொண்டிருந்தால்? பல படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. அம்மா அழுவதற்கு, தங்கை கடத்தப்படுவதற்கு, கமிஷனர் பின்னால் கைகட்டி நின்று “அவன் யார் தெரியுமா” என்று ஹீரோவின் பெருமையைச் சொல்வதற்கு. ஆளுயர கட்-அவுட்டுக்கு முட்டுக்கொடுக்கிற சவுக்குக் கட்டைகள். இதில் நல்ல நடிகர்கள் எத்தனை பேர் வீணாகிறார்கள் என்று பார்த்தால் வயிறு எரிகிறது. நாகேஷுக்கே தேசிய விருது ‘நம்மவர்’ (1994) படத்துக்குத்தான் வந்தது, மனோரமாவுக்கு ‘புதிய பாதை’ (1989). அவர்கள் அதற்கு முன்னால் எத்தனை வருஷம், எத்தனை நூறு படம்! அவர்களுக்காவது தருமியும் ரமாமணியும் கிடைத்தார்கள். இன்று இருக்கிற குணச்சித்திர நடிகர்களுக்கு என்ன கிடைக்கிறது? ஆஸ்பத்திரிக் கட்டில்.

ஆஸ்பத்திரி என்றதும்தான், நான் எழுத வந்த விஷயத்துக்கே வருகிறேன். மேலே சொன்னேனே, நண்பன் செத்துப்போகிற அந்தப் படம், அதில் ஒரு மார்ச்சுவரி காட்சி. மகனின் சாமான்களை அப்பாவிடம் கொடுக்கிறார் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெரியவர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. பிளாஸ்டிக் பையிலிருந்து கைக்கடிகாரத்தை எடுக்கிறார், கொடுக்கப் போனவர் ஒரு நொடி நிறுத்தி, தன் சட்டை நுனியால் அதன் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டுக் கொடுக்கிறார். அப்புறம் ரிஜிஸ்டரை நீட்டுகிறார். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, பேனா நோட்டில் நிற்கவில்லை. இந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டு நகராமல் இருக்க ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்கிறார், இன்னொரு விரலால் கையெழுத்து போட வேண்டிய கோட்டைக் காட்டுகிறார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது, அதற்குள் கேமரா வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற ஹீரோவிடம் போய்விட்டது.

படம் முழுக்கச் சிரித்துக்கொண்டும் பந்தயம் கட்டிக்கொண்டும் இருந்த பின்வரிசைப் பையன்கள் அந்த இடத்தில் மட்டும் சத்தமே போடவில்லை. அந்த மனிதர் இதேபோல் எத்தனை அப்பாக்களுக்கு எத்தனை கடிகாரம் கொடுத்திருப்பார், சாயங்காலம் வீட்டுக்குப் போய் யாரிடமாவது இதைச் சொல்வாரா, மாட்டாரா என்றெல்லாம் எனக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அதை இயக்குநர் சொல்லிச் செய்தாரா, அந்த நடிகரே செய்துவிட்டாரா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். எழுதிய பேப்பரில் ‘மார்ச்சுவரி ஊழியர் பொருளைக் கொடுக்கிறார்’ என்று ஒரு வரிதான் இருந்திருக்கும் என்று என் ஊகம்.

பெயரைப் பார்த்துவிடலாம் என்று கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். டைட்டில் ஓட ஆரம்பித்ததுமே விளக்கைப் போட்டுவிட்டார்கள், கதவைத் திறந்துவிட்டார்கள், வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து, அதுவும் ஓட்டமாக ஓடியது. சரி, உங்கள் விமர்சனத்தில் இருக்கும் என்று மறுநாள் காலையில் பேப்பரைப் பிரித்தேன். ஹீரோவின் சிகை அலங்காரத்துக்கு இரண்டு வரி இருந்தது. இவருக்கு, ‘மற்ற நடிகர்களும் தங்கள் பங்கைக் குறையின்றிச் செய்திருக்கிறார்கள்.’

உங்கள் விமர்சகரை நான் குறை சொல்லவில்லை, இடம் இல்லை என்பார், வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பார். ஒன்றே ஒன்று செய்யலாமே. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு ‘மற்றவ’ரின் பெயரையும் அவர் செய்த ஒரே ஒரு காரியத்தையும் போடுங்கள். வாக்கியத்தின் நீளம் அதேதான் வரும். அப்படிப் போட ஒருவர்கூட இல்லாத படமென்றால் அதையும் அப்படியே எழுதிவிடுங்கள்.

எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும், அந்த வாரம் நீங்கள் விமர்சித்தது ஒரு படம்தான். அந்தப் பெரியவர் பெயர் தெரிந்தால் அடுத்த வாரம் எங்காவது ஒரு மூலையில் போட்டுவிடுங்கள், நானும் என் மகளும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாராந்திர வாசகன்